அணிலைப் பார்க்காத நாய்

முந்நூறு பேர் உட்காரக்கூடிய விரிவுரைக் கூடம். கடைசிக்கு முந்தைய வரிசையில், வாசலை ஒட்டிய ஓரத்து நாற்காலியில் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியில், முன்வரிசைக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே கிடைத்த ஒரு முழ இடத்தில், ஐந்து மாத லாப்ரடார் குட்டி ஒன்று தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறது. நாலு வரிசைக்குக் கீழே யாரோ எவர்சில்வர் தண்ணீர்க் குப்பியைத் தவறவிடுகிறார்கள். அது ஒவ்வொரு படியாக முட்டிக்கொண்டு மேடைவரை உருண்டு போகிறது. குட்டியின் தலை எழுகிறது. சத்தம் வந்த பக்கத்தை இரண்டு விநாடி பார்க்கிறது. பிறகு தாடை மறுபடி தரைக்கு வந்துவிடுகிறது. மாணவி எழுதுவதை நிறுத்தாமலே, இடுப்புப் பையிலிருந்து பட்டாணி அளவு தீனி ஒன்றை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோகிறாள்.

குட்டி எதையும் செய்ததற்காக அந்தத் தீனி கிடைக்கவில்லை. எதையும் செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி அது.

அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள் பலவற்றில் இது இன்று அன்றாடக் காட்சி. பார்வையற்றவருக்கு வழிகாட்டவும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்ததை எடுத்துத் தரவும், காது கேளாதவருக்கு அழைப்புமணியைச் சொல்லவும் நாய்களைப் பழக்கும் அமைப்புகள் அங்கே உண்டு. அவை தங்கள் குட்டிகளை எட்டு வார வயதில் தன்னார்வலர்களிடம் கொடுக்கின்றன. ஒன்றேகால், ஒன்றரை வயதானதும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. உண்மையான தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கைப்பிடிச் சேணம் பூட்டி நடப்பதையும், கார் வரும்போது எசமானர் போகச் சொன்னாலும் போகாமல் நிற்பதையும் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் பல மாதங்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வளர்ப்பவருக்கு அந்த வேலை இல்லை. அவர் கற்றுக்கொடுக்க வேண்டியவை வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதிருப்பது, கூப்பிட்டால் வருவது, தரையில் கிடப்பதைத் தின்னாதிருப்பது போன்ற சில்லறைகள். இவற்றோடு ஒரு பெரிய விஷயமும் உண்டு. உலகம் தன்னை எவ்வளவு கூப்பிட்டாலும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கும் திறன் அது. அந்தப் பாடத்துக்குக் கல்லூரி விடுதியைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை, மோசமான பள்ளிக்கூடமும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தத் தொழிலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நாய் வளர்த்துவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜெர்மானியர்களின் வேலையைப் பார்த்துவிட்டு, 1927இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அதைப் படித்துக் காட்டினார்கள். வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே காப்பீட்டு முகவராகவும் ஓடிக்கொண்டிருந்தவர் அவர். 1928இல் சுவிட்சர்லாந்துக்குப் போய் பட்டி என்ற பெண் நாயோடு திரும்பினார். (அந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, மலையாள நண்பர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு நாய் என்றாலே பட்டிதான்.) அடுத்த ஆண்டு அவரும் யூஸ்டிஸும் சேர்ந்து 'தி சீயிங் ஐ' அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் இருக்கிறது. முதன்முறை நாய் பெறுபவர் அங்கே கட்டும் தொகை 150 டாலர். முன்னாள் படைவீரர் என்றால் ஒரு டாலர். ஒரு நாயை உருவாக்க ஆகும் செலவோ பல்லாயிரம் டாலர். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது நன்கொடை, அதோடு வளர்ப்பவர்களின் கூலியில்லா உழைப்பு.

பழக்குவதற்குத் தோதான நாய் எங்கிருந்து வரும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே தொல்லை. கொட்டிலில் பிறந்து கொட்டிலிலேயே வளர்ந்த நாய் கடைத்தெருவைக் கண்டால் மிரளும். 1942இல் சீயிங் ஐ தன் குட்டிகளை நியூ ஜெர்சியின் ஃபோர்-எச் சிறுவர் மன்றங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. கன்றும் கோழியும் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் கிராமத்துப் பிள்ளைகளின் மன்றங்கள் இவை. அந்த மாநிலத்தில் ஃபோர்-எச்சை நடத்துவது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு. அதே ரட்கர்ஸில் இன்று சீயிங் ஐ குட்டிகளை வளர்க்கும் மாணவர் மன்றம் ஒன்று இருக்கிறது.

குட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்து வளர்க்கும் அந்த ஏற்பாடு ஏன் பலித்தது என்பதற்கு விஞ்ஞானக் காரணம் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில், ஜாக்சன் ஆய்வகத்தில், ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்க்குட்டிகளின் நடத்தை வளர்ச்சியைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அதற்குள் மனிதரோடு பழகாத குட்டி பிறகு மனிதரை நம்புவது கடினம் என்று கண்டார்கள். கலிஃபோர்னியாவில் வழிகாட்டி நாய்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பர்கர் அவர்களோடு கைகோத்தார். அவரும் ஸ்காட்டும் 1959இல் வெளியிட்ட கணக்கு இன்றும் துறைக்குள் எடுத்துச் சொல்லப்படுகிறது. குட்டிகளுக்கான சோதனைகள் முடிந்த ஒரு வாரத்துக்குள் வீடுகளுக்குப் போன குட்டிகளில் சுமார் 90 விழுக்காடு வழிகாட்டிகளாகத் தேறின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டிலில் காத்திருந்தவற்றில் தேறியவை 30 விழுக்காடு அளவில்தான். நடுவில் கழிந்தது சில வாரங்கள். மனிதக் கை படாத சில வாரங்கள் ஒரு பிழைப்பையே பறித்துவிடுகின்றன.

பண்ணைகள் குறைந்தன, புறநகர்க் குடும்பங்களில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனார்கள். பகலெல்லாம் நாயோடு இருக்க யாருக்கு நேரம்? அமைப்புகளின் கண் கல்லூரிகள் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் நகரில் 'கைட் டாக் ஃபவுண்டேஷன்' குட்டியைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம் என்பார்கள். கார்னெலில் 'கைடிங் ஐஸ்' அமைப்புக்காகவும், பென் ஸ்டேட்டில் சஸ்குவஹானா சேவை நாய்களுக்காகவும், டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பல அமைப்புகளுக்காகவும் மாணவர்கள் வளர்க்கிறார்கள். எல்லாரும் விடுதிக்குள் வளர்ப்பதில்லை. வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்து வளர்ப்பவர்களும் நிறைய. ஆனால் விடுதியில் வளர்ப்பதுதான் கதையின் சுவையான பகுதி.

விடுதியின் அருமையைப் புரிந்துகொள்ள அதை இன்னோர் இடத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த இடம் சிறைச்சாலை. 1997இல் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா என்பவர் நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறையில் 'பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கைதிகளுக்கு நேரம் என்பது ஏராளம். இரவும் பகலும் குட்டியோடு இருந்து ஆணைகளைத் துல்லியமாகப் பழக்கிவிடுகிறார்கள். சிறைக்குள் இல்லாதது உலகம்தான். அழைப்புமணி இல்லை, குழந்தைகள் இல்லை, பேருந்து இல்லை. அதனால் வெளியிலிருந்து தன்னார்வலர்கள் வந்து வார இறுதிகளில் குட்டிகளை ஊருக்குள் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. விடுதியில் நிலைமை நேர்த்தலைகீழ். அங்கே உலகம் கொட்டிக் கிடக்கிறது, நேரம்தான் கிடையாது.

கொட்டிக் கிடப்பது என்னென்ன என்று பாருங்கள். சக்கரப் பலகையில் கடகடத்துக்கொண்டு பக்கத்தில் போகிறவன். மின்தூக்கி. காற்றுக்குப் படபடக்கும் விளம்பரத் துணி. நடைபாதையில் பதித்த இரும்புச் சல்லடை. அதன்மேல் கால்வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குட்டிகள் உண்டு, பாதாள ரயில் உள்ள நகரத்தில் வேலை பார்க்க வேண்டிய நாய்க்கு அந்த அடம் ஆகாது. சனிக்கிழமை கால்பந்தாட்டத்துக்கு வரும் பேண்டு வாத்தியக் குழு. இரவு இரண்டு மணிக்கு, யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருக்கியதால் அலறும் தீயபாய மணி. இருநூறு பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு புல்வெளியில் நிற்கும்போது நடுவில் குட்டி. புறநகர் வீட்டில் ஓராண்டில் ஒருமுறை வாய்க்கும் அதிர்ச்சிகள் இங்கே வாரத்துக்கு நான்கு வரும். ஒவ்வொன்றும் முதல்முறை பயமாகவும், ஐந்தாம் முறை கொட்டாவியாகவும் ஆக வேண்டும். பயிற்சியின் சூட்சுமம் அவ்வளவுதான்.

இதில் ஆபத்தானவை சத்தங்கள் அல்ல. அன்பானவர்களே ஆபத்து. வீட்டில் விட்டுவந்த நாயை நினைத்து ஏங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கட்டடம் நிறைய இருக்கிறார்கள். குட்டியைக் கண்டதும் முழந்தாளிட்டுக் கைநீட்டுகிறார்கள். ஒவ்வொரு கைநீட்டலும் குட்டிக்கு ஒரு பாடம்: அந்நியர் என்றால் கொண்டாட்டம். பின்னாளில் சாலையைக் கடக்கும் பாதியில், எதிரே வருபவர் "அடடா, என்ன அழகு!" என்றதும் வாலாட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும் நாயால் பார்வையற்ற ஒருவர் வண்டிக்கு முன்னால் போய் நிற்க நேரும். ஆகவே வளர்ப்பவள் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றுண்டு: இப்போது தொடாதீர்கள், வேலையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை, சிரித்த முகத்தோடு. கூச்ச சுபாவம் உள்ள முதலாண்டு மாணவிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! வகுப்புக்குப் போகும் பத்து நிமிட நடைக்கு அரைமணி நேரம் ஒதுக்க வேண்டிவரும் என்பது இவர்களுடைய பொதுவான புலம்பல். குட்டி அந்நியரை மறுக்கப் பழகுவதற்கு முன்பாக அவள் பழகிக்கொள்கிறாள்.

அறைக்குள் வேறு சிக்கல்கள். எட்டு வாரக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்குமேல் அடக்க முடியாது. மூன்றாம் மாடியிலிருந்து, பனி பெய்யும் ஜனவரியில், இரவுடைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு, குட்டியைக் கையில் தூக்கியபடி ஓட வேண்டும். நடக்கவிட்டால் மின்தூக்கி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். வெளியே போனதும் அமைப்பு வகுத்துக்கொடுத்த ஒரே சொல்லைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிறுநீர் கழிக்கப் பழகாத நாய் பார்வையற்றவருக்கு எப்படி உதவும்? எங்கே சுத்தம் செய்வது என்று அவர் எப்படித் தேடுவார்? அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது. நடைபாதையில் பனி உருகத் தூவிய உப்பு குட்டியின் பாதத்தைக் கரிக்கும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பாதமாகத் துடைக்க வேண்டும். பிறகு கம்பிக் கூண்டுக்குள் விட்டு, காலை எட்டு மணித் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டும்.

அறைத்தோழி ஒழுங்கானவளாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. லாப்ரடாருக்குக் காலுறை ஒரு பலகாரம். அது குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சைதான். காதொலிப்பான், பேனா மூடி, சாக்லேட், உலர்திராட்சை, சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் எல்லாமே கட்டிலுக்கு அடியில் கிடக்கக்கூடியவை. பின்னால் சொன்ன மூன்றும் நாய்க்கு விஷம். கஞ்சா கலந்த மிட்டாய்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மன்றமும் தன் துண்டறிக்கையில் அதைக் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. தடுப்பூசி வரிசை நிறைவடைய நாலு மாதமாகும். அதற்குள் ஊர் நாய்கள் எல்லாம் வந்துபோகும் புல்வெளியில் பார்வோ வைரஸ் காத்திருக்கலாம். நோய்க்குப் பயந்து உள்ளேயே வைத்தால் ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன சாளரம் மூடிவிடும். இந்த இக்கட்டுக்குச் சுத்தமான விடை எதுவும் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஊர்சுற்றுவது ஒரு வழி. கொஞ்சம் வளர்ந்த குட்டியை மட்டும் விடுதிக்கு அனுப்புவது இன்னொரு வழி.

சட்டத்தின் பக்கம் வந்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990இல் வந்தது. 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி, சேவை விலங்கு என்றால் ஒருவரின் குறைபாட்டுக்கு உதவும் வேலையைச் செய்யத் தனியாகப் பயிற்றப்பட்ட நாய். (சின்னக் குதிரைக்கும் ஒரு தனி ஏற்பாடு உண்டு, நான் விளையாடவில்லை.) அந்த நாயை உணவகமோ கல்லூரியோ மறுக்க முடியாது. இந்த நாய் உங்கள் குறைபாட்டுக்காகத் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குமேல் ஊழியர்கள் கேட்கவும் கூடாது. ஆனால் 'பயிற்றப்பட்ட' என்ற சொல் குட்டியை வெளியே தள்ளிவிடுகிறது. பயிற்சியில் இருக்கும் குட்டிக்கு நாட்டின் சட்டத்தில் எந்த உரிமையும் கிடையாது. பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் பொது இடங்களுக்குள் அதை அனுமதிக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும். படுக்கையறையோ பொது இடம் ஆகாது.

அதே நடைக்கூடத்தின் எதிர் அறையில் மனப்பதற்றத்துக்கு ஆறுதலாக ஒரு மாணவி நாய் வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாய் எந்தப் பயிற்சியும் பெறவில்லை; பார்த்தவர் மேலெல்லாம் தாவுகிறது. அதை வைத்திருக்க அவளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நியாயமான குடியிருப்புச் சட்டம் 1968இல் வந்தது; 1988 திருத்தத்தில் மாற்றுத்திறனாளிகளையும் உள்ளே கொண்டுவந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் ஒரு மாணவிக்குத் தன் சிறிய ஆறுதல் நாயை வைத்துக்கொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. நடுவண் அரசு வழக்குத் தொடுத்தது. மாணவர் குடியிருப்பும் குடியிருப்புதான், சட்டம் அங்கும் செல்லும் என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. 2015இல் பல்கலைக்கழகம் 1,40,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆக, பயிற்சியே பெறாத நாய்க்கு அறையில் இடமுண்டு. ஓராண்டு ஒழுக்கம் பயின்று நாளை ஒருவரின் கண்ணாகப் போகும் குட்டிக்கு, விடுதி அலுவலகம் மனது வைத்தால்தான் இடம். சட்டத்தின் தர்க்கத்தில் பிழை இல்லை: உரிமை நாய்க்கு அல்ல, குறைபாடுள்ள மனிதருக்குத்தான். வளர்ப்பவளுக்குக் குறைபாடு எதுவும் இல்லையே. இருந்தாலும் அந்த நடைக்கூடத்தில் இரண்டு கதவுகளையும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தலை சுற்றும்.

இதனால் ஒவ்வொரு வளாகத்திலும் பேரம் தனித்தனியாக நடக்கிறது. மன்றத்தின் மாணவர் தலைவர் விடுதி அதிகாரியைப் பார்க்கப் போகிறார். அறைத்தோழரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு தளம், கம்பளம் இல்லாத அறை, சேதத்துக்கு முன்பணம், புகார் வந்தால் குட்டி வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை என்று பேச்சு நீளும். ஒத்துக்கொள்ளும் அதிகாரிக்கு இதில் லாபம் என்ன? வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பெற்றோர் கண்ணில் குட்டி படும். கல்லூரியின் விளம்பரப் படத்தில் வரும். கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. எனக்குக் குட்டியைக் காட்டும் விளம்பரத்தின்மேல் எப்போதும் சந்தேகம் உண்டு.

குட்டிக்கு எட்டு மாதம் ஆகும்போது இன்னொரு பிரச்சினை முளைக்கிறது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷரும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைக் கவனித்து 2020இல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் எழுதினார்கள். 69 நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் "உட்கார்" என்று சொல்லிச் சோதித்தார்கள். ஐந்தில் கேட்ட நாய் எட்டில் கேட்கவில்லை. அதிலும் வளர்ப்பவர் சொன்னால்தான் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர் சொன்னால் உட்கார்ந்தது. பெற்றோர் சொல்லைத் தட்டிவிட்டு ஆசிரியர் சொன்னால் கேட்கும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஓராண்டு ஆகும்போது இந்தக் குணம் தணிந்துவிடுகிறது. அதுவரை பொறுக்காமல் நாயைத் திட்டியும் தண்டித்தும் உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே ஆய்வாளர்களின் வேண்டுகோள். விடுதியில் வளரும் குட்டிக்கு இந்தப் பருவம் வரும்போது அதை வளர்ப்பவளுக்குப் பத்தொன்பது வயது. அவளும் வீட்டுக்கு அடங்காத பருவத்தை முழுதாகத் தாண்டியிருக்க மாட்டாள். அந்த அறையில் பெரியவர் என்று யாரும் கிடையாது.

அனுபவம் இல்லாதவர்களிடம் கொடுப்பது சரிதானா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்ப்பெலும் டெபோரா டஃபியும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சங்கடமான விடையைத் தருகிறது. அனுபவமுள்ளவரிடம் வளர்ந்த வழிகாட்டிக் குட்டிகளிடம் ஒரு வயதில் பயமும் சீற்றமும் குறைவாக இருந்தன. வீட்டில் இன்னொரு நாய் இருந்ததும் நன்மை செய்தது. அந்நிய நாயால் தாக்கப்பட்டதும், மனிதரால் மிரட்டப்பட்டதும் தழும்பை விட்டன. விடுதி மாணவி அநேகமாக முதல்முறை வளர்ப்பவள். அறையில் இன்னொரு நாய் இருக்க வழியில்லை. கூட்டத்தில் மிரள்வதற்கோ வாய்ப்பு ஏராளம். மூன்று கணக்கிலும் அவள் பின்தங்கியே தொடங்குகிறாள். அதை ஈடுகட்டத்தான் மன்றம். வாரக் கூட்டம், மூத்த வளர்ப்பாளர், தேர்வு வாரத்தில் குட்டியை ஏற்றுக்கொள்ளும் துணைக் காப்பாளர்கள், ஒரு குட்டியை இருவர் பங்கிட்டு வளர்ப்பது என்று ஓர் ஊரே கூடிப் பிள்ளை வளர்க்கும் ஏற்பாடு அங்கே தானாக உருவாகிவிட்டிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்துக் கை மாறும் குட்டிக்கு யார் சொல்லைக் கேட்பது என்ற குழப்பமும் அந்தக் குடும்பங்களில் நாம் பார்த்ததுதான்.

வளர்ப்பு எவ்வளவு தூரம்தான் பயன்படும்? அரிசோனா பல்கலைக்கழகத்தின் எமிலி பிரேயும் குழுவினரும் 'கேனைன் கம்பேனியன்ஸ்' அமைப்பின் 375 குட்டிகளை எட்டு வார வயதில், அதாவது வளர்ப்பவர் கைக்குப் போவதற்கு முன்பே, சோதித்தார்கள். மனிதர் விரல் காட்டும் திசையைப் புரிந்துகொள்வதிலும், முகத்தை நிமிர்ந்து பார்ப்பதிலும் குட்டிக்குக் குட்டி தெரிந்த வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் பரம்பரையால் வருவது என்று 2021இல் அறிவித்தார்கள். அவரே 2017இல், சீயிங் ஐயில் பிறந்த 98 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னது இன்னும் விசித்திரமானது. தாய் நாய் ஓயாமல் நக்கி, அணைத்து, படுத்தபடி வசதியாகப் பால்கொடுத்த குட்டிகள் வழிகாட்டிகளாகத் தேறுவது குறைந்தது. நின்றபடியோ உட்கார்ந்தபடியோ பால்கொடுத்து, எக்கிக் குடிக்கவைத்த தாயின் குட்டிகள் கூடுதலாகத் தேறின. சின்னச் சின்னத் தொல்லைகளைத் தானே சமாளிக்க விட்டதுதான் காரணமாக இருக்கும் என்பது ஊகம். அந்த ஊகம் சரியென்றால், தீயபாய மணியும் வழுக்கும் படிக்கட்டும் நிறைந்த விடுதி அந்தத் தாயின் வேலையைத் தொடர்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இது என் இணைப்புதான், ஆய்வின் முடிவல்ல.

டியூக் பல்கலைக்கழகம் இதையே ஒரு பரிசோதனையாக ஆக்கியது. பிரையன் ஹேரும் வனெசா வுட்ஸும் 2018இல் அங்கே 'குட்டிகளின் மழலையர் பள்ளி' ஒன்றைத் தொடங்கினார்கள். கேனைன் கம்பேனியன்ஸின் குட்டிகள் எட்டாம் வாரத்திலிருந்து இருபதாம் வாரம்வரை வளாகத்திலேயே மாணவத் தன்னார்வலர்களிடம் வளர்ந்தன. நினைவாற்றல், தன்னடக்கம், மனிதக் குறிப்பை உணர்தல் போன்ற விளையாட்டுச் சோதனைகள் இடைவிடாமல் நடந்தன. 2024இல் இருவரும் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், குட்டியின் மூளையில் எல்லாத் திறமையும் ஒரே நாளில் வருவதில்லை என்பது. ஒன்று முளைத்துச் சில வாரம் கழித்து இன்னொன்று முளைக்கிறது. இன்று வராதது நாளை மறுநாள் வரலாம் என்று தெரிந்த வளர்ப்பாளர் குட்டியை நச்சரிக்க மாட்டார்.

மாணவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மன அழுத்தம் குறைகிறது என்பது வழக்கமான பதில். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா பென்ட்ரி 249 மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. பத்தே நிமிடம் நாயையும் பூனையையும் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் குறைந்திருந்தது. ஆய்வு சரி. அதை வைத்துக் குட்டி வளர்க்க ஆள் சேர்ப்பதுதான் சரியில்லை. பத்து நிமிடம் தடவிவிட்டுப் போகிறவளின் கார்ட்டிசால் வேறு, காலை ஐந்தரைக்குப் பனியில் நிற்பவளுடையது வேறு. குட்டி வளர்ப்பவள் ஆறுதல் வாங்குகிறவள் அல்லள். அவள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்.

கடனைத் திருப்பிக் கட்டும் நாள் பெரும்பாலும் கல்வியாண்டின் நடுவில் வந்து நிற்கும். எப்படித்தான் கொடுக்க மனசு வருகிறதோ என்று எல்லாரும் கேட்பார்கள். வளர்ப்பவர்கள் இந்தக் கேள்வியை வெறுக்கிறார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதோடு ஒப்பிட நமக்கு வாய் வரும். அந்த ஒப்பீடு பாதி வழிதான் வரும். இங்கே பெண் மறுவீடு வருவதில்லை. குட்டி தேறாவிட்டால் மட்டுமே திரும்பி வரக்கூடும். தேறாமல் போவதும் அபூர்வமல்ல. பல அமைப்புகளில் பாதிக்குப் பாதி போகிறது. இடுப்பெலும்பில் கோளாறு, தோல் ஒவ்வாமை, இடிச்சத்தத்துக்கு நடுக்கம், அணிலைக் கண்டால் அடங்காத ஆசை என்று எதுவும் காரணமாகலாம். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் அணில்கள் மனிதருக்கு அஞ்சுவதில்லை. நடைபாதையின் நடுவில் உட்கார்ந்து கொட்டையை உடைக்கும். ஓராண்டு முழுக்க அவற்றைக் கண்டும் காணாமல் போகப் பழக்கிய பிறகும் ஒன்று தேறாது. அப்படித் தேறாத நாயை முதலில் வளர்த்தவருக்கே தரலாமா என்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு வளர்ப்பாளர் மனத்திலும் வெளியே சொல்லத் தகாத ஒரு வேண்டுதல் இருக்கும்.

கலிஃபோர்னியாவின் கைட் டாக்ஸ் அமைப்பு பட்டமளிப்பு விழா வைத்து, வளர்த்தவர் கையாலேயே நாயைப் புது எசமானரிடம் ஒப்படைக்கச் செய்கிறது. சீயிங் ஐயின் வழக்கம் வேறு. அங்கே பயிற்சி முடியும் தறுவாயில் வளர்த்தவருக்கு ஓர் அழைப்பு வரும்: உங்கள் நாய் மோரிஸ்டவுன் தெருக்களில் பயிற்சியாளரோடு நடப்பதைப் பார்க்கலாம். நாய் கண்ணில் மட்டும் படக் கூடாது.

அவள் போகிறாள். தெருவின் எதிர்ப்பக்கத்தில், காற்று தன் வாசனையை அங்கே கொண்டுபோகாத இடமாகச் சொல்லிக் காட்டிய மூலையில், நிற்கிறாள். நாயின் தோள் வளர்ந்திருக்கிறது, சேணம் புதிதாக இருக்கிறது, நடையில் விடுதிப் படிக்கட்டின் தடுமாற்றம் போய்விட்டது. ஒரு கடைக்காரர் கதவைத் திறந்து வெளியே வருகிறார், யாரோ நாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பச்சைப் புல்வெளியின் ஓரத்தில் ஓர் அணில் மரத்திலிருந்து இறங்கி நிற்கிறது. நாய் எதையும் பார்க்கவில்லை. வளைவு வந்ததும் நின்று, பயிற்சியாளரின் சொல்லைக் கேட்டு, சாலையைக் கடந்து, அவள் நிற்கும் பக்கத்துக்கு வருகிறது. பத்தடி தூரத்தில் அவளைத் தாண்டிப் போகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் நிற்கிறாள்.